பணம் கட்டிய அன்றே பயணச்சீட்டு கைக்கு வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னைத் துறைமுகத்தில் முப்பத்தோராண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு தண்டையார்பேட்டையில். அந்தமானுக்குக் கப்பல் ஏறுகிறவர்களின் மூட்டை முடிச்சுகளைப் பணிக்காலம் முழுவதும் பார்த்திருந்தும், அந்தத் தீவுகளில் நான் கால் வைத்தது கடந்த ஜனவரியில்தான். அதுவும் கப்பலில் அல்ல, விமானத்தில். கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் தூரத்தை விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் கடந்துவிடுகிறது. எங்களுடைய நாற்பதாவது திருமண நாளை முன்னிட்டு, எனக்கும் மனைவிக்கும் மனைவியின் அக்காவுக்கும் எட்டு வயதுப் பேரனுக்குமாக, ஹேவ்லாக் தீவின் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் மூன்று இரவுகள் தங்கும் பேக்கேஜை எங்கள் பகுதி டிராவல்ஸ் ஒன்றில் மகள் பதிவு செய்து தந்தாள்.

அந்தப் பயணத்தில் நாங்கள் பட்ட தடுமாற்றங்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வந்தவை என்பதால்தான் இதை எழுதுகிறேன். முழுப்பணத்தையும் நவம்பரிலேயே வாங்கிக்கொண்ட டிராவல்ஸ்காரர், விமான டிக்கெட்டையும் பயணத் திட்டத்தையும் புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "எல்லாம் கன்பார்ம் சார், கவலையே வேண்டாம்" என்ற வாய்ச்சொல்தான் அதுவரை எங்களிடம் இருந்த ஒரே ஆவணம்.

முதல் சிக்கல் பெயரில். விமான டிக்கெட் படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது இனிஷியல் மட்டுமே. அதிலும் பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. என் மனைவியின் வாக்காளர் அட்டையில் இன்னமும் அவருடைய தகப்பனார் பெயர் இருக்கிறது. ஆதாரில் என் பெயர். டிராவல்ஸ்காரர் வாக்காளர் அட்டையின் நகலைப் பார்த்து, மறைந்த என் மாமனாரின் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார். மனைவி கையில் எடுத்து வந்ததோ ஆதார். விமான நிலைய வாசலில் நின்ற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே, உள்ளே விட மறுத்தார். விமான நிறுவனத்தின் வெளிக்கவுண்டரில் கட்டணம் செலுத்திப் பெயரைத் திருத்தி வாங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. புறப்பாட்டுக்கு அறுபது நிமிடம் முன்னதாகவே பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள். நாங்கள் அதைத் தொட்டபோது பாக்கியிருந்தது ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ.

டிக்கெட் பதிவான 24 மணி நேரத்துக்குள் சொன்னால் அதே பயணியின் பெயர்ப்பிழையைக் கட்டணமின்றித் திருத்தித் தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி இருப்பதைத் திரும்பி வந்த பிறகு மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தச் சலுகை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்தவர்களுக்குத்தான். முகவர் வழியாகப் போகிறவர்கள் பிழையை உடனே கண்டுபிடித்து அவரைப் பிடித்து உலுக்க வேண்டும். அதற்கும் டிக்கெட் கண்ணில் பட்டிருக்க வேண்டுமல்லவா?

இத்தனைக்கும் முன்னால், வாடகைக் கார் ஓட்டுநர் எங்களை டி1 முனையத்தில் இறக்கிவிட்டார். எங்கள் விமானமோ டி4இலிருந்து. உள்நாட்டு விமானங்கள் இப்போது இரண்டு முனையங்களிலிருந்தும் கிளம்புகின்றன என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ பாதை இருந்தும், முதல் வண்டி காலை ஐந்து மணிக்குத்தான் என்பதால் விடியற்காலை விமானத்துக்கு அது உதவவில்லை.

ஊர்ப்பெயர்கள் இன்னொரு குழப்பம். விமானம் இறங்கும் போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்; அங்கிருந்து படகில் போகவேண்டிய ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. டிராவல்ஸ்காரரின் திட்டத்தில் பழைய பெயர், படகுச் சீட்டில் புதிய பெயர். "நம்மை வேற தீவுக்கு ஏத்துறாங்க" என்று மனைவியின் அக்கா படகில் ஏற மறுத்து நின்றுவிட்டார். படகு ஊழியர் ஒருவர் தமிழில் விளக்கிய பிறகுதான் நகர்ந்தார். அந்தமானில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை என்பது எங்கள் நல்வினை.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறு. முதல் நாளைக்கான திட்டத்தில் "மாலை 5.45, ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்" என்று எழுதியிருந்தது. அங்கே ஜனவரியில் சூரியன் ஐந்தேகால் மணி அளவிலேயே மறைந்துவிடுகிறது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம்தான். ஆனால் அந்தமான் சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய பன்னிரண்டரைப் பாகை தள்ளியிருப்பதால், சூரியக் கணக்கில் ஐம்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. டிராவல்ஸ்காரர் மெரினாவின் நேரத்தை ராதாநகருக்கு எழுதிவிட்டார். படகிலிருந்து இறங்கி, ரிசார்ட்டில் அறைச்சாவிக்காகக் காத்திருந்து, அவர் சொன்ன நேரத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மக்கள் மணலைத் தட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் முன்னதாகத் திட்டம் கைக்கு வந்திருந்தால், முந்தைய படகைக் கேட்டு வாங்கியிருப்போம். காசிமேட்டுக் கடற்கரையில் சூரியோதயம் பார்த்தே வளர்ந்தவனுக்கு, கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கும் ஆசை இருக்காதா? மறுநாள் நான்கு மணிக்கே போய் உட்கார்ந்து பார்த்தோம். அதற்கான ஜீப் வாடகை எங்கள் கைக்காசு.

ரிசார்ட்டைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. பேரனுக்கு ஒதுக்க வேண்டிய கூடுதல் படுக்கை பதிவிலேயே இல்லாததால் இரவுக்கு 1,800 ரூபாய் தனியாகக் கட்டினோம். பேக்கேஜில் சேர்ந்தது காலைச் சிற்றுண்டி மட்டுமே என்பதும் அங்கே போன பிறகு தெரிந்ததுதான்.

திரும்பும்போது நேர்ந்த இரண்டு சங்கடங்களுக்கு டிராவல்ஸ்காரர் பொறுப்பல்ல. மனைவியின் அக்கா பெட்டியில் அடைத்திருந்த இரண்டு கிலோ கொப்பரையை எடுத்து வைத்துவிட்டார்கள். எண்ணெய்ப் பசையுள்ள கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் விமானத்தில் அதற்கு இடமில்லையாம். பேரன் சட்டைப்பையிலிருந்து வெள்ளைப் பவளத்துண்டு ஒன்று வந்தது. கரையில் ஒதுங்கிக் கிடந்ததாக இருந்தாலும், பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அதிகாரி சிறுவனைக் கடிந்துகொள்ளாமல், அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

வடசென்னையிலிருந்து வாழ்நாளில் முதன்முறையாக விமானம் ஏறுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பெரும்பாலோர் பிள்ளைகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் போகும் பெரியவர்கள். பணம் கட்டிய அன்றே டிக்கெட்டின் நகல், படகு நேரம், அறையில் எத்தனை படுக்கை, எந்தெந்த வேளை உணவு ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவதைப் பயண முகவர்கள் அனைவருக்கும் கட்டாயமாக்குமாறு தமிழக அரசின் சுற்றுலாத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் டிராவல்ஸ்காரர் கூடுதல் படுக்கைக்கான 5,400 ரூபாயை, நான்கு முறை கடையேறிக் கேட்ட பிறகு, சென்ற வாரம் திருப்பித் தந்துவிட்டார். பெயர் திருத்திய கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், வாக்காளர் அட்டை நகலைக் கொடுத்தது நாங்கள்தானே என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை