கார் மீன் சினை பற்றி ஆற்றங்கரைகளில் தமிழிலும் எச்சரிக்கைப் பலகை வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோடையில் ஆற்றில் தூண்டில் போடும் தமிழர்கள் சிலர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.

பெறுநர்:
மாண்புமிகு இயற்கை வள அமைச்சர் அவர்கள்,
ஒன்ராறியோ மாகாண அரசு,
குயின்ஸ் பார்க், ரொறன்ரோ.

விடயம்: கார் மீனின் சினை நஞ்சு என்பதையும், அந்த மீனைக் கையாளும் விதத்தையும் படத்துடன் பல மொழிகளில் அறிவிக்கக் கோருதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

ஜூன் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் விடியமுன்னரே 401 நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பிவிடுகிற கூட்டம் நாங்கள். ட்ரென்ட் நதி குவின்ரி குடாவில் விழுகிற பக்கம், சில வாரம் ஒட்டாவா நதி, பெற்றோல் காசைப் பற்றி யாரும் முணுமுணுக்காத வாரங்களில் சென் லோரன்ஸ் வரையும் போவோம். எங்களில் பாதிப்பேர் வடமராட்சியிலும் மன்னாரிலும் கடற்கரையில் பிறந்தவர்கள். மீன் எங்களுக்குப் புதிது இல்லை. இந்த ஆறுகளின் மீன்தான் புதிது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

ஆங்கிலத்தில் gar என்கிற இந்த மீனைக் கார் மீன் என்று தமிழில் எழுதினால் வீதியில் ஓடுகிற காரும் இதுவும் ஒன்றாகத்தான் தெரியும். என்ன செய்வது, எங்களிடம் இதற்கு வேறு பெயர் இல்லை. முதல் தடவை கண்டவர்கள் எல்லோரும் "முரல்!" என்றுதான் கத்தியிருக்கிறோம். அதே நீண்ட அலகு, அதே ஒடுங்கிய உடம்பு. ஆனால் முரலுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. முரலைச் சட்டியில் போட்டால் முள்ளைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. இது ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரும். செதில் ஒவ்வொன்றும் சாய்சதுர வடிவில் ஓடு பதித்த மாதிரி இறுகி இருக்கும். மீன் வெட்டுகிற கத்தி அதில் சறுக்கும், தகரம் வெட்டுகிற கத்தரிக்கோல்தான் வேண்டும்.

காற்றே இல்லாத ஜூலை மத்தியானத்தில் தண்ணீர் சூடேறி அதில் ஒட்சிசன் குறைந்துவிடும். மற்ற மீன்கள் ஆழத்துக்குப் போய்விட, கார் மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடிக்கும். அதன் காற்றுப்பை நுரையீரல் போலவும் வேலை செய்கிறது. நாணலுக்குப் பக்கத்தில் காய்ந்த தடி மிதக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், தடி திடீரென்று "குளுக்" என்று மூச்சு விடும். அதைப் பார்த்துவிட்டுத் தூண்டிலைச் சுருட்டிவைக்க யாருக்கும் மனம் வராது.

இனி, இந்த மனுவை எழுத வைத்த சம்பவம். போன ஜூனில் ஒரு கரையில் எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் பெண் மீனொன்றின் வயிற்றைப் பிளந்தார். பச்சை நிறத்தில், பெரிய பெரிய மணியாக, ஒரு கோப்பை நிறையச் சினை. "தம்பி, இஞ்சை பார், எவ்வளவு சினை! மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரிச்சால் எப்பிடியிருக்கும்" என்றார். எங்கள் வீடுகளில் சினை என்றால் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைப்பது. அவரும் பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டுபோகத்தான் கூலர் பெட்டியைத் திறந்தார். இந்த மீனின் சினை மனிதருக்கு நஞ்சு என்று நான் தற்செயலாகப் படித்திருந்தேன். "அண்ணை, அதைக் கொண்டுபோகாதேங்கோ, நஞ்சு" என்றேன். நம்பவில்லை. "மீன் சினை நஞ்செண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லச் சிரித்தார். கடைசியில், "பேத்தை மாதிரியோ?" என்றார். "ஓம், பேத்தை மாதிரித்தான்" என்றேன். கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டார். பேத்தை என்கிற நச்சு மீனைப் பற்றி எங்கள் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கரையிலும் ஒரு பலகை இருந்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது, சினையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருந்திருந்தாலும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒன்ராறியோவில் வசிக்கும் 65 வயதைக் கடந்தவர்கள் மீன்பிடி உரிமம் வாங்க வேண்டியதில்லை. நல்ல சலுகைதான், ஆனால் உரிமம் வாங்காதவருக்கு அதைப் பற்றிய விதிகளைப் புரட்டிப் பார்க்கிற சந்தர்ப்பமும் வராது. சினையைத் தேடி எடுத்துச் சமைக்கத் தெரிந்தவர்கள் இந்த வயதுக்காரர்கள்தான். கார் மீன் முட்டையிடுவது மே கடைசியிலும் ஜூனிலும். பெரியவர்கள் குளிர் விட்டதென்று வெளியே வருகிற காலமும் அதுவே. சதையைச் சாப்பிடலாம், சினையைத்தான் தொடக்கூடாது என்ற ஒரே ஒரு வரி போதும்.

அப்புறம் கயிற்று விடயம். இந்த மீனின் அலகு முழுக்க எலும்பு, கொளுக்கி ஏறாது. அதனால் பலர் கொளுக்கியே இல்லாமல், வெள்ளை நைலோன் கயிற்றில் ஒரு சாண் துண்டை வெட்டி, நுனியைப் பிரித்துச் சடை போலாக்கிக் கட்டுகிறார்கள். ஊசிப் பற்கள் அதில் சிக்கிக்கொள்ளும். நல்ல யுக்திதான், நாங்களும் செய்கிறோம். ஆனால் கையுறையும் குறடும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் குந்தியிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்தெடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கயிற்றை அறுத்து மீனைத் தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள். அலகு கட்டுண்ட மீன் பட்டினியில் சாகும். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஆறு வருடமளவில் ஆகும், இருபது வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. அதை ஒரு சாண் கயிறு கொல்கிறது.

வேண்டுமென்றே கரையில் எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நல்ல மீனையெல்லாம் இது தின்றுவிடுகிறதாம். எங்கள் ஆட்களும் செய்கிறார்கள், மறைக்கவில்லை. உண்ணத் தகுந்த மீனைக் கெடவிடக்கூடாது என்று 1997 ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது இவர்களுக்குத் தெரியாது. கெண்டை போல வெளியிலிருந்து வந்த மீனும் இல்லை இது. 1609 இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி சாம்பிளேன், இன்று தன் பெயர் தாங்கும் ஏரிப் பக்கம் இதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். தலைவலி வந்தால் இதன் பல்லால் கீறி இரத்தம் எடுப்பார்கள் என்று அங்குள்ள பூர்வகுடி மக்களைப் பற்றிக் குறித்திருக்கிறார்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். கார் மீன் பிடிபடுகிற படகுத் துறைகளிலும் பாலத்தடிகளிலும் படம் போட்ட ஒரு பலகை வேண்டும். சினை நஞ்சு என்பது எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கீழே கயிற்றை எடுக்கும் விதமும், கரையில் எறியக்கூடாது என்பதும் வந்தால் போதும். ஈரி ஏரிப் பக்கத்துப் பலகைகளில் புள்ளிக் கார் மீனின் படத்தையும் சேர்க்க வேண்டும். அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனம் அது. தலையில் புள்ளிகளும் கட்டையான அலகும் உள்ளதைக் கண்டால் உடனே விட்டுவிட வேண்டும் என்பது படத்தைப் பார்த்தாலே விளங்கும். ஆண்டுதோறும் வெளிவரும் மீன்பிடி விதிச் சுருக்கத்திலும் சினை பற்றிய அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டுகிறோம்.

மொழிகளில் தமிழும் ஒன்றாக இருக்க வேண்டும். தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக 2014 இல் சட்டமாக்கிய மாகாணம் இது. ஜூனில் ஒரு பலகையையும் தமிழில் வைத்தால் பெரிய செலவாகாது. மொழிபெயர்ப்பைச் சம்பளம் இல்லாமல் நாங்களே சரிபார்த்துத் தருகிறோம். அடுத்த மே மாதத்துக்குள், மீன் கரைக்கு வரமுன்னர், முதல் பலகைகளை நட்டுவிட்டால் நல்லது.

ஒரு சின்ன விடயம். தமிழில் எழுதும்போது "மீன் முட்டை" என்று போடவேண்டாம். "சினை" என்று போடுங்கள். முட்டை என்றால் எங்கள் பெரியவர்களுக்குத் தண்ணீருக்குள் கிடப்பதுதான் நினைவுக்கு வரும், சட்டியில் கிடப்பது வராது.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டோர்

இணைப்பு: மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கையொப்பத் தாள்கள், சினையின் புகைப்படம்.