நடந்து போகிறவர்களையும் எண்ணுங்கள்: சாலை விரிவாக்க அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் கிராஞ்சிப் பக்கம் பண்ணைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் ஊழியர் விடுதிகளுக்கும் நடுவே ஓடும் எங்கள் சாலையை அகலப்படுத்தும் திட்டம் பற்றி எழுதுகிறேன். எந்தச் சாலை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வரைபடம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. இரண்டு தடம் ஆறு தடமாவதும், அதற்கான சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் தறுவாயில் இருப்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் நீங்கள் நடத்திய விளக்கக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். கறிபஃப் சூடாக இருந்தது, நன்றி. ஆலோசகர் தரப்பில் வந்த இளைஞர் பொறுமையாக ஒவ்வொரு படமாகக் காட்டி விளக்கினார். அதில் ஓர் அட்டவணை. கார், வேன், லாரி, டிரெய்லர், பேருந்து, மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் எண்கள். கடைசி வரி பாதசாரிகள். அதற்கு நேரே எண் எதுவும் இல்லை. 'குறிப்பிடத்தக்க அளவில் இல்லை' என்று போட்டிருந்தது.

எப்போது எண்ணினீர்கள் என்று கேட்டேன். வார நாளில், காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை, மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை என்றார். உச்ச நேரமாம். கார்களுக்கு அது உச்ச நேரம்தான், மறுக்கவில்லை. நடப்பவர்களுக்கு அப்படி இல்லையே என்றேன். மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். 'தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. கவனத்தில் கொண்டு எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் அந்தச் சாலையில் உள்ள ஒரு செடிப் பண்ணையில் ஸ்டோரும் கணக்கும் பார்ப்பவன். வீடு சுவா சூ காங்கில். பேருந்தில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். அங்கே யார் எப்போது நடக்கிறார்கள் என்பதை ஓரளவுக்குத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் கேளுங்கள்.

விடுதியில் இருப்பவர்கள் வார நாள்களில் விடியும் முன்பே லாரியில் கிளம்பிவிடுவார்கள். உங்கள் ஆட்கள் ஏழரைக்கு எண்ண உட்காரும்போது அவர்கள் வேலையிடத்தில் இரும்பு தூக்கிக்கொண்டிருப்பார்கள். ஓவர்டைம் முடிந்து திரும்ப எட்டு, ஒன்பது ஆகிவிடும். அதற்கு மேல் கடைக்குப் போகவும், பணம் அனுப்பவும், பக்கத்து விடுதியில் இருக்கும் ஊர்க்காரரைப் பார்க்கவும் நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். மதியத்திலிருந்து சாரைசாரையாக நடை. லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்குப் போகிறவர்கள், அரசகேசரி சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள், சும்மா எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் போய் வெளியுலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதி வாசலுக்குப் பத்து நிமிட நடை இருக்கும். நடைபாதை கிடையாது. வெள்ளைக் கோடு, அதை ஒட்டி ஒரு கை அகலத்துக்குப் புல், அதற்கு அப்புறம் திறந்த வாய்க்கால். மழை பெய்தால் புல் சேறாகிவிடும். அதனால் செருப்பில் நடந்து, ஷூவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வருவார்கள். நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் துடைத்து மாட்டிக்கொள்வார்கள். இதையாவது மழைக்காலத்தில் யாரும் செய்யக்கூடியது என்று விட்டுவிடலாம். இன்னொன்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் போவதற்காகத் தேய்த்த சட்டை போட்டு, தலைவாரி, சென்ட் அடித்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சட்டைக்கு மேலே, வேலையிடத்தில் போடும் ஆரஞ்சு நிற ஒளிரும் மேலங்கி. நிறுத்தத்துக்கு வந்ததும் அதைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைப்பார்கள். இரவு பேருந்தை விட்டு இறங்கியதும் மறுபடி எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அந்தத் தூரத்தில் பாதிக்கு மேல் விளக்கு கிடையாது. கைப்பேசி விளக்கைப் போட்டு, அதை முன்னால் காட்டாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். முன்னால் பாதை தெரியாவிட்டால் போகிறது, பின்னால் வரும் டிரெய்லருக்கு ஆள் தெரிய வேண்டும் என்பது கணக்கு. லீவு நாளிலுமா தம்பி இதைப் போடுகிறாய் என்று சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் கேட்டேன். "வேலையில போடலன்னா ஃபைன்தான் அண்ணே. இங்க போடலன்னா ஆளே இருக்க மாட்டேன்" என்று சிரித்தான்.

போன மழைக்காலத்தில் ஒருவர் டிரெய்லருக்கு ஒதுங்கப்போய் வாய்க்காலில் விழுந்தார். முழங்கால் கிழிந்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. புகார் கொடுங்கள் என்றேன். "யார் மேல அண்ணே குடுக்கறது? வண்டி இடிக்கவே இல்லையே" என்றார். உங்கள் விபத்துப் புள்ளிவிவரத்தில் அவரும் இருக்க மாட்டார்.

நடைபாதை கேட்டு முன்பு எழுதியபோதெல்லாம் வந்த பதில் உங்களுக்கு நினைவிருக்கலாம். 'சாலை விரிவாக்கத்துக்கான ஆய்வு நடைபெற்று வருகிறது, இந்தக் கோரிக்கையும் அதோடு சேர்த்துப் பரிசீலிக்கப்படும்.' சரி, பெரிய வேலை, பொறுத்திருப்போம் என்று இருந்தோம். இப்போது ஆய்வு வந்துவிட்டது. அதில் நாங்கள் இல்லை.

இது வெறும் மனத்தாங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணிக்கைதான் வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது. பாதசாரிகள் இல்லை என்று எழுதிவிட்டால் நடைபாதை 'பின்னர் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பட்டியலுக்குப் போகும். சாலையைக் கடக்கும் விளக்கும் மேம்பாலமும் எதற்கு என்று கேள்வி வரும். இன்று இரண்டு தடத்தை ஓடிக் கடந்துவிடுகிறார்கள். ஆறு தடம், நடுவே தடுப்பு, வண்டிகளின் வேகமும் கூடும். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் இறங்குகிறவர் என்ன செய்வார்? ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான்: நடந்து போகிறவர்களையும் எண்ணுங்கள், எண்ணி முடித்த பிறகு அறிக்கையை முடியுங்கள்.

வண்டிகளை எண்ணும் முறையையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு லாரியை இத்தனை காருக்குச் சமம் என்று கணக்கிடுவது சாலைப் பொறியாளர்களின் வழக்கம். எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்க அது சரியான வழிதான். ஆனால் ஒருவர் மட்டும் ஏசி போட்டுக்கொண்டு போகும் காரிலும், பின்புறத்தில் இருபது பேரை உட்கார வைத்துக்கொண்டு போகும் லாரியிலும் எத்தனை மனிதர்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. வேலைக்குப் போய்வரும் சாலை என்று திட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள். யார் வேலைக்குப் போய்வரும் சாலை?

கூட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் ஒன்று இருந்தது, சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சாலையோரக் காட்டில் எறும்புத்தின்னி இருக்கிறதா என்று பார்க்கக் கேமரா கட்டியிருக்கிறீர்கள். இரவு முழுக்க, வாரக்கணக்கில், மழையிலும் அது ஓடுகிறது. செய்ய வேண்டிய வேலைதான். 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டபோது காடு இரண்டாகப் பிளந்தது. அதை மறுபடி இணைக்க 62 மீட்டர் நீளத்தில் ஒரு பசுமைப் பாலம் கட்ட 2013 வரை ஆனது. மண்டாயில் 2019இல் இன்னொரு வனவிலங்குப் பாலம் திறந்தோம். அழியும் நிலையில் இருக்கும் அந்த வாயில்லாப் பிராணி லாரியில் அடிபடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதே மரத்தில், அதே இரவில், கேமராவைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்திருந்தாலே நான் சொல்வதெல்லாம் பதிவாகியிருக்கும். எறும்புத்தின்னி இரவில்தான் நடமாடும் என்று தெரிந்து இரவில் தேடினீர்கள். மனிதனை மட்டும் ஏன் காலை ஏழரைக்குத் தேடினீர்கள்?

இந்த நாட்டில் முதலில் ஆராய்ந்து பார்த்துவிட்டு முடிவெடுத்ததற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. குறுக்குத் தீவு ரயில் பாதை நடுவண் நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு அடியில் போகலாமா, சுற்றிப் போகலாமா என்று வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 2019 டிசம்பரில்தான், சுமார் 70 மீட்டர் ஆழத்தில் நேராகவே போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். முடிவு எல்லாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் முதலில் ஆய்வு, பிறகு முடிவு என்ற வரிசையாவது இருந்தது. புக்கிட் பிரவுன் என்ற பழைய சீன இடுகாட்டில் அந்த வரிசை தலைகீழ். எட்டுத் தடச் சாலை வருகிறது என்று 2011இல் அறிவித்த பிறகுதான் கல்லறைகளை ஆவணப்படுத்த ஓடினார்கள். மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2018இல் அதன் மேல் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. எங்கள் கிராஞ்சியிலேயே 2021இல் என்ன நடந்தது? ஆய்வு முடியும் முன்பே காட்டின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தது. தவறுதலாக நடந்துவிட்டது என்றார்கள். மரம் போன பிறகு பல்லுயிர் ஆய்வு எதற்கு, பிரேதப் பரிசோதனைக்கா? 2020இல் மதிப்பீட்டு நடைமுறையை மேம்படுத்தினார்கள், வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தினார்கள், எல்லாம் நல்லதுதான். ஆனாலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கென்று நம்மிடம் இன்னும் ஒரு தனிச் சட்டம் கிடையாது. அதிகாரிகள் நல்லவர்களாக இருந்தால் நன்றாக நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் வண்டி ஓடுகிறது.

அப்புறம், கார்களின் வளர்ச்சி விகிதத்தை 2018 பிப்ரவரியிலிருந்து பூஜ்யமாக வைத்திருக்கிறோம். நிலத்தில் ஏற்கெனவே 12 விழுக்காடு சாலைக்குப் போய்விட்டது, இனி இடமில்லை என்று காரணமும் சொன்னோம். நடப்பதும், சைக்கிளும், பொதுப் போக்குவரத்தும்தான் எதிர்காலம் என்று 2040க்கான போக்குவரத்துப் பெருந்திட்டத்தில் அழகாக எழுதியிருக்கிறோம். இருபது நிமிடத்தில் வட்டார மையமாம், நாற்பத்தைந்து நிமிடத்தில் வேலையிடமாம். எங்கள் பக்கத்தில் அந்த இருபது நிமிடத்தில் பாதி, வாய்க்காலில் விழாமல் நடப்பதற்கே போய்விடும்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கோபத்தில் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான். மரியாதைக் குறைவாக ஏதேனும் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மனது வைத்தால் முடிகிற காரியம் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிரெய்லர் பின்னால் பேருந்து ஊர்ந்து போகும் காலை நேரம் எனக்கும் பழக்கம்தான். நான் கேட்பது, அறிக்கையை முடிக்கும் முன் ஒரு முழு வாரமாவது, விடிகாலை நான்கரை மணியிலிருந்து இரவு பதினொன்று வரை, ஞாயிறையும் சேர்த்து, நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் எண்ண வேண்டும் என்பது. சத்தத்தையும் தூசியையும் அளக்க எடுத்துக்கொண்ட இடங்களில் விடுதிகளும் உண்டா என்று தெளிவாகச் சொல்லுங்கள். சாலையிலிருந்து அவர்களின் ஜன்னல் எவ்வளவு பக்கம் என்று போய்ப் பார்த்தாலே தெரியும். கட்டுமானம் நடக்கப்போகும் வருடங்களில் இருக்கிற புல்லும் தடுப்புக்குள் போய்விடும். அந்தக் காலத்தில் இவர்கள் எந்த வழியாக நடப்பார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

கருத்துச் சொல்ல நான்கு வாரம் கொடுத்திருக்கிறீர்கள். நூற்றுக்கணக்கான பக்கம், முழுக்க ஆங்கிலம். நான்கு பக்கச் சுருக்கம் ஒன்றைத் தமிழிலும், வங்காளத்திலும், சீனத்திலும், மலாயிலும் போட்டு விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது பெரிய செலவாகாது. கொவிட் காலத்தில் எல்லா மொழியிலும் ஒட்டினோமே. அதைப் படித்து, கேட்டுப் பதில் சொல்ல, அவர்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது கூடுதலாகக் கொடுங்கள்.

அப்புறம் அந்த நடைபாதையும் விளக்கும். அவற்றுக்கு ஆறு தடம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். தற்காலிகமாக ஒரு பலகைப் பாதை, நான்கைந்து விளக்குக் கம்பம். கட்டுமான இடங்களில் ஒரே வாரத்தில் போடுகிறார்கள்.

மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், நடந்து போகிறவர்களையும் எண்ணுங்கள். எண்ண ஆள் பற்றாக்குறை என்றால் சொல்லுங்கள். எங்கள் பண்ணையில் நானும் இன்னும் சிலரும் ஞாயிறுகளில் நிறுத்தத்தில் உட்கார்ந்து எண்ணித் தரத் தயார். படிவத்தை மட்டும் அனுப்பிவையுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று குறித்து.

இப்படிக்கு,
அந்தச் சாலையில் வேலைக்குப் போய்வரும் ஒருவன்