அப்பாவின் புதன்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. தோத்திரம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. ஃபோனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறார். மனசு விட்டுப் பேச முடிகிறதா? அதனால்தான் கடிதம். இப்போது தூங்குகிறார்.

பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. கால் கொஞ்சம் தேறியிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ்வரை தானே போய்வருகிறார். பேச்சுதான் திரும்பவில்லை. முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாயில் இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல், "புதன்". தண்ணீர் புதன், ஃபேன் புதன், நானும் புதன்தான். நாம் பேசுவது ஏறக்குறைய எல்லாம் அவருக்குப் புரிகிறது. அதுதான் பாவமாக இருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வசனம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "விசுவாசத்தோடு ஜெபியுங்க, அண்ணாச்சி எழுந்து ஓடுவாங்க" என்கிறார்கள். ஒருத்தி, வீட்டில் ஏதாவது குறை இருக்கிறதா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னாள். அவளுக்கும் காபி போட்டுக் கொடுத்தேன், சீனி போட மறந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் ஐயா. மூன்றாம் மாதம் ஒரு ராத்திரி, இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைத்து என் முழங்கால் கழன்றுபோன நேரம். அவர் "புதன், புதன்" என்று விடாமல் கூப்பிட்டார். "என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலையுங்களேன்!" என்று கத்திவிட்டேன். அவர் அழுதார். போர்வை காலில் சுற்றியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். அதற்கப்புறம் பதினொரு நாள் நான் ஜெபம் பண்ணவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால்கூட இல்லை.

பன்னிரண்டாம் நாள் வேதத்தில் திறந்தது, உன் ஆச்சி கடைசிக் காலத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருந்த 71-ஆம் சங்கீதத்தை. "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்." எத்தனை வருஷமாக வாசிக்கிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன். பெலன் ஒடுங்காமல் இருக்கட்டும் என்று சங்கீதக்காரன் அங்கே கேட்கவே இல்லை. ஒடுங்கத்தான் போகிறது என்று ஒத்துக்கொண்டு, அப்போது கூடவே இரும் என்று மட்டும் கேட்கிறான். சரி, அவ்வளவு எனக்கும் கேட்கத் தெரியும் என்று தோன்றியது. அன்றிலிருந்து அந்த ஒரு வரிதான் என் ஜெபம். நீளமாகப் பண்ண நேரமும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை ஐயர் நம் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்தார். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று அவர் ஆரம்பித்ததும், எனக்குப் பக்கத்தில் இன்னொரு குரல். அப்பா! ஒரு சொல் பிசகாமல் ஆமென்வரை சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐயர் குனிந்து, "எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டார். "புதன்" என்றார்.

அற்புதம் என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளைதான் விளக்கினாள். அடிபட்டது மூளையின் இடது பக்கம். புதிதாக ஒரு வாக்கியம் கோத்துப் பேசுவதற்கு அந்தப் பக்கம் வேண்டும். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்னதும் பாட்டும் பல பேருக்கு அழியாமல் தப்பிவிடுமாம். "அதைப் பிடித்துக்கொண்டே பேச்சுக்கு வரலாம் அம்மா, ஆனால் நாளாகும்" என்றாள். எனக்கு இதில் ஒரு ஏமாற்றமும் இல்லை. ஐந்து வயதில் இடையன்குடி கோவில் தரையில் உட்கார்ந்து அவர் படித்தது இன்றைக்குக் கைகொடுக்கிறது. அதற்கும் தோத்திரம்தான் சொன்னேன்.

இப்போது காலையில் ஒரு மணி நேரம் எங்களுக்குப் பாட்டுப் பள்ளிக்கூடம். கீர்த்தனையில் ஒரு வரி பாடி, கடைசிச் சொல்லை விட்டுவிடுவேன். அவர் தேடி எடுத்துப் போடுவார். அப்புறம் அதே ராகத்தில் "தண்ணி வேணும்", "வெளிச்சம் போடு" என்று பாடுவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று சிரிக்கின்றன. போன வாரம் நான் எடுத்துக்கொடுக்காமலே "தண்ணி வே..." என்று பாடினார். செம்பு நிறையக் கொண்டுபோனேன், மூச்சுவிடாமல் குடித்தார்.

இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டாய். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உன்னை இடையன்குடி கோவிலுக்கு முன்னால் நிறுத்தி அப்பா கணக்குக் கேட்பாரே, ஞாபகம் இருக்கிறதா? கால்டுவெல் ஐயர் 1847-இல் கட்ட ஆரம்பித்தார், 1880-இல் பிரதிஷ்டை, அப்படியென்றால் எத்தனை வருஷம்? நீ விரல் விட்டு எண்ணி முப்பத்து மூன்று என்பாய். முடியும்போது கால்டுவெல் ஐயருக்கு வயது அறுபத்தாறு. நான் மாதக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு. எங்களை அங்கே வரச் சொல்லிக் கேட்காதே, ஆள் வைக்கச் சொன்னாயே, அதற்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ராத்திரிக்கு ஒரு ஆள் பார்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது "எப்படிப்பா இருக்கீங்க" என்று கேட்காதே. பதில் சொல்ல முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் படித்த பாட்டு ஏதாவது பாடு. சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. கடைசிச் சொல்லை மட்டும் பாடாமல் நிறுத்து. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்தாதே, பொறுத்திரு. அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

அன்புடன்,
அம்மா