எங்கள் மாடிக் குடிலைப் பிழைக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம்.

வடவள்ளியில் எங்கள் மொட்டை மாடியில் இருக்கும் பத்துக்கு எட்டடி பசுமைக்குடிலில் இன்று காலை ஒன்றரைக் கிலோ தக்காளி பறித்தேன். பறித்த கையோடு எழுதுகிறேன்.

ஆடியில் 98 குழித் தட்டு இரண்டில் தக்காளி விதை போட்டேன். ஆறாம் நாள் முளைத்துவிட்டது. பத்தாம் நாள் பார்த்தால், தண்டு மண்ணை ஒட்டி நூலாக மெலிந்து பாதி நாற்று சாய்ந்து கிடந்தது. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். மீதியும் போயிற்று. மூன்று முறை இதே கதைதான். மூன்றாம் முறை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா, அன்று நீங்கள் மேலே வந்து தட்டைத் தூக்கிப் பார்த்தீர்கள். “கனமா இருக்கு பாரு கண்ணு, இதுக்கு எதுக்குத் தண்ணி? காய்ச்சலும் பாய்ச்சலுமா இருக்கோணும்” என்றீர்கள். ஓரளவு காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர் என்று அப்போதுதான் புரிந்தது. இன்றைக்கும் தட்டைத் தூக்கிப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன்.

நாற்றுப்பண்ணை அண்ணா, செத்த நாற்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தவளிடம் நீங்கள் எதையும் விற்கப் பார்க்கவில்லை. இது நாற்றழுகல், ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளில் புரட்டுவது, தட்டில் நிரப்பும் தென்னைநார்க் கழிவை உப்புப் போக அலசுவது, பழைய தட்டை வெந்நீரில் கழுவுவது எல்லாம் உங்களிடம் கற்றதுதான். பக்கவாட்டுப் பாலித்தீனைப் பகலில் சுருட்டிவிடச் சொன்னீர்களே, குடிலுக்குள் காற்று வந்ததே அப்புறம்தான். நான்காம் முறை போட்டதில் பத்துப் பன்னிரண்டு நாற்றுக்கு மேல் சாகவில்லை. 25 நாளில் தொட்டிக்கு மாற்றினேன்.

ஊருக்குப் போன ஒரு வாரம் தண்ணீர் பார்த்துக்கொண்ட கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி.

கடைசியாகப் பாட்டி. பீர்க்கம்பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தபோது உரம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். பூச்சிவலை கட்டியிருந்தால் தேனீ எப்படி வரும் என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் மலரும் என்று என்னைக் காத்திருக்க வைத்து, ஆண் பூவைப் பறித்து இதழ் நீக்கி, அடியில் பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் தொட்டுக் காட்டினீர்கள். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்தீர்கள் பாட்டி, அதை மறக்க மாட்டேன்.

ஒரு பீர்க்கங்காயை விதைக்கு முற்ற விட்டிருக்கிறேன். காய்ந்ததும் முதல் பிடி விதை உங்களுக்குத்தான்.

அன்புடன்,
மூன்றாம் மாடிக்காரி