ஆற்றுக் கல்லையும் கவனியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஐரோப்பிய ஆறுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மீன், நீர்நாய், பறவை எல்லாம் இருந்தன. ஆற்றின் அடியில் கிடக்கும் கல்லைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கல்லையே நம்பி வாழும் ஆற்று லிம்பெட் என்ற குட்டி நத்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஓடும் நீரிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால், ஏதோ கறை ஒட்டியிருப்பதுபோலத்தான் முதலில் தெரியும். கண்ணருகே கொண்டுவந்தால் அது ஒரு குட்டிக் குல்லாய்; உச்சி பின்னோக்கிச் சற்றே வளைந்திருக்கும். நன்கு வளர்ந்ததே 8 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. நகத்தால் நெம்ப வேண்டாம். இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மெல்லிய ஓடு உடைந்துபோகும்.

1774இல் டென்மார்க் இயற்கையியலாளர் முல்லர் ஆன்கைலஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் என்று அறிவியல் பெயரிட்ட இந்த நத்தைக்குக் கடற்பாறை லிம்பெட்டுகளோடு நெருங்கிய உறவு கிடையாது. தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள குளத்து நத்தைகள்தான் இதன் சொந்தம். அவற்றில் பல காற்றுக்காக நீர்மட்டத்துக்கு வரும், இது வராது. நீரில் கரைந்த ஆக்சிஜனை உடல் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வேகமாக ஓடும் தண்ணீர் வேண்டும். அப்புறம், கல் வெறுமையாக இருக்க வேண்டும். கல்மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பதும், முட்டையை ஒட்டவைப்பதும் அங்கேதான்.

பிரிட்டனில் நீண்டகாலம் வழக்கிலிருந்த, மாசைத் தாங்காத உயிரினங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தந்து ஆற்றின் நலத்தை அளக்கும் முறையில் இதன் குடும்பத்துக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண். லேசான மாசைத் தாங்கும் என்பதால் முழு மதிப்பெண் இல்லை. ஆனால் உழுத நிலத்திலிருந்தும் கட்டுமான இடங்களிலிருந்தும் அடித்துவரும் வண்டலை இதனால் தாங்க முடியாது. தண்ணீர் தெளிந்த பிறகும் கல்மேல் அந்தச் சேறு படிந்தே கிடக்கும். இதன் ஆயுளோ ஏறக்குறைய ஓராண்டு. முட்டையிடும் பருவத்தில் கல் மூடிப்போனால் அடுத்த தலைமுறைக்கு எங்கே இடம்? தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதித்துவிட்டு ஆறு நலம் என்று எழுதுவது போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த முறை ஆறு பற்றி வெளியிடும்போது ஒரு கல்லின் படத்தையும் போடுங்கள். கூடவே ஒரு வரி: கல்லைப் புரட்டிப் பார்ப்பவர்கள், எடுத்த இடத்திலேயே, அடிப்பக்கம் அடியிலேயே இருக்கும்படி திரும்ப வைத்துவிட வேண்டும். அதில் முட்டைகள் ஒட்டியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்