கவினிடம் நீ பேச வேண்டியது

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். பேரன் கவினுக்குக் குரல் உடைந்துவிட்டது, அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான், ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான் என்று போனில் சொன்னாய். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர என்ன இருக்கிறது அப்பா, எல்லாம் போனிலேயே தெரிந்துகொள்கிறார்கள்" என்றும் சொன்னாய். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அரசு மருத்துவமனை மருந்தகத்தில்தான் என் பணிக்காலம் கழிந்தது. சீட்டுக்கு மருந்து வாங்கிய பிறகும் நகராமல், கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நிற்கும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "சார், சத்து மாத்திரை ஏதாவது..." என்று தொடங்குவார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறியிருக்கும், அல்லது கைப்பழக்கம் இருக்கும். "விந்து விட்டவன் நொந்து கெட்டான்" என்று யாராவது காதில் போட்டிருப்பார்கள். லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவரிடம் போய், மாணவர் விடுதிக்குக் கட்ட வேண்டிய பணத்தை லேகியத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆண்மையைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனாலும் அன்று பேருந்து நிலையச் சுவரில் இருந்த அதே பயமுறுத்தல் இன்று கவினின் போனுக்கு வருகிறது. போனில் தெரிந்துகொள்வான் என்கிறாயே, இதைத்தான் தெரிந்துகொள்வான்.

ஆகவே நீயே நேராகச் சொல். பருவம் வந்த பிறகு உடம்பு விந்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் வெளியேறினாலும், தானே வெளியேற்றினாலும் ரத்தம் குறையாது, நரம்பு தளராது, பின்னாளில் பிள்ளை பிறக்காமல் போகாது. மார்பு லேசாக வீங்கித் தொட்டால் வலிக்கிறதா? இந்த வயதில் பல பையன்களுக்கு அப்படி வரும், பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் தானாக வடிந்துவிடும். அதற்காகக் கூனிக் குறுகி நடந்த பிள்ளைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆபாசப் படங்களும் எப்படியும் அவன் கண்ணில் படும். அதில் வருவது காசுக்கு நடிப்பது, பெண்ணை அப்படி நடத்தலாம் என்று எண்ணிவிடாதே என்று சொல். அவனை யாராவது தகாத முறையில் தொட்டால், ஆண் பிள்ளை என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத பையனுக்கும் பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அவனுக்கும்தான். 18 நிறையாத பெண்ணின் சம்மதம் அந்தச் சட்டத்தின் முன் சம்மதமே ஆகாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மிக முக்கியமானது ஒன்று இருக்கிறது. விரையைத் தாங்கும் தண்டு சில சமயம் முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்றுவிடும். அடிபடாமலேயே நடக்கும், தூக்கத்தில்கூட நடக்கும். பதின்வயதில்தான் இது அதிகம். திடீரென்று ஒரு பக்கம் கடுமையாக வலிக்கும், வாந்தி வரும். சில பிள்ளைகள் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதமானால் அந்த விரையையே எடுத்துவிட நேரும். வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு இரவு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த ஒரு பையனை மறுநாள் மத்தியானம் கொண்டுவந்தார்கள். அவனுடைய அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்று அழுதார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் வழக்கமே அந்த வீட்டில் இருந்திருக்காது.

மற்றதைப் பேச உனக்குத் தயக்கமாக இருந்தால், அரையாண்டு விடுமுறைக்கு அவனை இங்கே அனுப்பு, தாத்தா பேசுகிறேன். இந்த வலியைப் பற்றி மட்டும் அதுவரை தள்ளிப்போடாதே. நடுராத்திரியானாலும் கதவைத் தட்டி உன்னை எழுப்பச் சொல். இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா