கந்தக டை ஆக்சைடு: வானிலிருந்து பார்த்தால் போதாது, புகைபோக்கிக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தது. அடுத்த நாள் வட இந்தியா மீது கந்தக டை ஆக்சைடு பரவிய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் பலரும் பதறினார்கள். அந்த வாயு சென்றது பல கிலோமீட்டர் உயரத்தில். நம் மூச்சுக்காற்றில் அன்றாடம் சேரும் கந்தகம் பெரும்பாலும் அனல்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. ஒரு நாள் படத்தில் அது சரியாகப் பிடிபடாது.

சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோப்போமி கருவி பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் நம் தலைக்கு மேல் கடக்கிறது. வாயு உறிஞ்சிய புற ஊதா ஒளியை வைத்து, தரை முதல் வானுச்சி வரையுள்ள மொத்த அளவைக் கணக்கிடுகிறது. அதே அலைநீளத்தை ஓசோனும் உறிஞ்சுவதால் பிழை கூடுகிறது. தரையை ஒட்டிய வாயு கருவிக்கு மங்கலாகவே தெரியும்.

எனவே ஓராண்டு அளவீடுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தர மதிப்பு (ஒவ்வொரு அளவீட்டையும் எவ்வளவு நம்பலாம் என்று 0 முதல் 1 வரை தரும் எண்) 0.5-க்குக் குறைந்தவை, மேகம் 30 சதவீதத்துக்கு மேல் மூடியவை, எரிமலைப் புகை கடந்த நாட்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மீதியை அந்தந்த நாளின் காற்றுத் திசைக்கேற்பத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஆலையிலிருந்து காற்றோடு நீளும் வாயுவின் வால் தெளிவாகத் தெரியும். வாலில் உள்ள வாயுவின் நிறையை அதன் ஆயுளால், அதாவது வாயு காற்றிலிருந்து நீங்க ஆகும் சுமார் 6 மணி நேரத்தால், வகுத்தால் உமிழ்வு வீதம் வந்துவிடும். நெய்வேலிக்கோ எண்ணூருக்கோ இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகத்தால் அளவீடுகள் மிகக் குறையும். 'ஆண்டுச் சராசரி' உண்மையில் கோடைப் பக்கம் சாய்ந்திருக்கும்.

விடையைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. 0.5 சதவீதம் கந்தகம் உள்ள ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ 10 கிலோ கந்தக டை ஆக்சைடு வரும். முழுத் திறனில் ஓடும் 500 மெகாவாட் அலகு நாளொன்றுக்குச் சுமார் 7,500 டன் எரிக்கும் என்று கொண்டால், அது 75 டன் வாயு.

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெரும்பாலான அனல்மின் அலகுகளுக்குக் கந்தக நீக்கக் கருவியிலிருந்து விலக்கு அளித்தது. நகரங்களின் காற்றில் இந்த வாயு, நாள் சராசரி வரம்பான கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராமுக்குள்தானே இருக்கிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். இந்த வாதம் தவறு. 275 மீட்டர் புகைபோக்கி வாயுவை அருகில் இறங்கவிடாமல் தொலைவுக்கு அனுப்புகிறது. வழியில் அது அம்மோனியாவுடன் சேர்ந்து சல்ஃபேட் நுண்துகளாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள்) கணக்கில் ஏறுகிறது. பனிமூட்டத்தில் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும். வாயுவை மட்டும் அளக்கும் தரை நிலையத்துக்கு இது தெரியாது. காற்றில் மாசு பரவுவதைக் கணக்கிடும் கணினி மாதிரிகள்தான் காட்ட முடியும். அவற்றுக்கும் எந்த ஆலை எவ்வளவு வெளியிடுகிறது என்ற பழைய உமிழ்வுப் பட்டியலைக் கொடுத்தால் பழைய விடைதான் வரும்.

ஆகவே ஒவ்வொரு அலகும் எரித்த நிலக்கரி, அதன் கந்தகச் சதவீதம், புகைபோக்கியின் மணிவாரி அளவீடு ஆகியவற்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் யாரும் தரவிறக்கும்படி வெளியிட வேண்டும். செறிவு மட்டும் போதாது: குழாய்க் கசிவில் வெளிக்காற்று நுழைந்தாலே செறிவு இறங்கிவிடும். வெளிக்காற்று கலந்ததைக் காட்டும் ஆக்சிஜன் சதவீதமும் புகையின் ஓட்ட அளவும் சேர்ந்து வந்தால்தான் டன் கணக்கு போட்டு, செயற்கைக்கோள் விடையுடன் ஒப்பிட முடியும்.

இப்படிக்கு,
காற்று மாசு அளவீட்டில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்